கறுப்புக் குருணைகளின் மேல் வெள்ளைத் தோல்: கப்பலூரில் ஒரு வினையூக்கி அடுக்கு செயலிழந்த நிகழ்வின் ஆய்வு

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், ஒரு சிறிய ரப்பர்க் கூடத்தின் புகைபோக்கிக்கு முன்னால் பசையிலிருந்து எழும் கரைப்பான் ஆவியை எரிப்பதற்காகப் பொருத்தப்பட்டிருந்த வினையூக்கி (தான் தீராமல் வேதிவினையை விரைவாக்கும் பொருள்) எரிப்புக் கருவி, சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடைப்பட்ட ஆறு மாதங்களில் தன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. கருவி நின்றுவிடவில்லை. பர்னர் எரிந்தது, ப்ளோயர் ஓடியது, கட்டுப்பாட்டுப் பேனலில் எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. ஆயினும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ கரைப்பான் எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ வெளியே போய்க்கொண்டிருந்தது. காரணம் கண்டறிய அழைக்கப்பட்டவன் என்ற முறையில், கண்டதையும் சோதித்ததையும், இடையில் நான் தவறாக ஊகித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். கூடத்தின் பெயரும், அதற்குக் கருவி அளித்தவர்களின் பெயரும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை என்பதால் குறிப்பிடவில்லை.

கூடத்தின் வேலை எளிமையானது. வாகனங்களின் அதிர்வைத் தாங்கும் புஷ், மவுண்டிங் முதலிய உதிரிப்பாகங்களில் இரும்பும் ரப்பரும் பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டும். அதற்காக இரும்புத் துண்டுகளை மணல் வீசிச் சுத்தம் செய்து, பிரைமரும் பசையும் தெளித்து, காய்ச்சல் அறையில் உலர்த்தி, பிறகு 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிரஸ்ஸில் வைத்து ரப்பரோடு சேர்த்து வேகவைக்கிறார்கள். பசையில் உள்ள டொலுவீன், சைலீன், மெத்தில் எத்தில் கீட்டோன் ஆகிய கரைப்பான்கள் காய்ச்சல் அறையில் ஆவியாகின்றன. அப்படியே வெளியே விட்டால் அவை பக்கத்துக் கூடத்தாருக்கு தின்னர் வாடையாகவும் தலைவலியாகவும் போய்ச் சேரும். வாடையோடு முடிவதுமில்லை. இத்தகைய ஆவிகள் வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. 2009-இல் திருத்தப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோலில் ஓசோனுக்கு எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் மதுரைச் சீமையில், நான்குவழிச் சாலையும் சுங்கச்சாவடியும் அருகிலேயே இருக்கும் ஓர் இடத்தில், கரைப்பான் ஆவியை எரித்தே வெளிவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கருவி

காய்ச்சல் அறையிலிருந்து மணிக்கு 3,000 கனமீட்டர் காற்று கருவிக்குள் வருமாறு வடிவமைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் கரைப்பான் ஆவி, அதாவது மணிக்கு 6 கிலோ. உள்ளே வரும் காற்று முதலில் வெப்பமாற்றியில், வெளியேறும் சூடான காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. மீதிச் சூட்டை எல்.பி.ஜி. பர்னர் தருகிறது. அதன் பிறகு காற்று மேலிருந்து கீழாக 300 லிட்டர் அளவுள்ள குருணை அடுக்கின் வழியே இறங்குகிறது. குருணைகள் அலுமினாவால் (அலுமினியம் ஆக்சைடால்) ஆனவை. அவற்றின் மேல் தாமிரமும் மாங்கனீசும் கலந்த ஆக்சைடு படிய வைக்கப்பட்டுள்ளது. மிளகைவிடச் சற்றுப் பெரிய, கன்னங்கரேலென்ற உருண்டைகள்.

வினையூக்கி இல்லாமல் வெறும் தீயால் இதே ஆவியை முழுமையாக எரிக்க வேண்டுமானால் காற்று முழுவதையும் 760 முதல் 870 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். வினையூக்கி இருந்தால் 300 முதல் 400 டிகிரி போதும். ஒரு சிறு கூடம் எல்.பி.ஜி. செலவைத் தாங்குமா தாங்காதா என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. சூடு குறைவதால் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து புதிய மாசாக மாறுவதும் ஏறத்தாழ இல்லாமல் போகிறது.

இந்த உலோகங்கள் ஏன்

1817-இல் ஹம்ப்ரி டேவி, நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தபோது, சுடர் இல்லாமலேயே கம்பி தொடர்ந்து கனன்றுகொண்டிருப்பதைக் கண்டார். சுடரில்லாத எரிதல் என்ற கருத்து அங்கிருந்து வருகிறது. பிளாட்டினம் விலை மிகுந்தது. முதல் உலகப் போரின்போது, கார்பன் மோனாக்சைடிலிருந்து வீரர்களைக் காக்கும் முகமூடிக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் விலை குறைந்த உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து ஒரு வினையூக்கியை உருவாக்கின. இரண்டு பெயர்களையும் இணைத்து அதற்கு ஹாப்கலைட் என்று பெயரிட்டனர். முதல் கலவையில் மாங்கனீசு டை ஆக்சைடு 50 விழுக்காடு, தாமிர ஆக்சைடு 30, கோபால்ட் ஆக்சைடு 15, வெள்ளி ஆக்சைடு 5. கப்பலூர்க் கருவியில் இருந்தது அந்தக் குடும்பத்தின் நேர் வாரிசு.

தாமிரம், மாங்கனீசு, கோபால்ட், இரும்பு முதலியவை இடைநிலை உலோகங்கள். இவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன் உண்டு: மாங்கனீசு நான்கிலிருந்து மூன்றுக்கும், தாமிரம் இரண்டிலிருந்து ஒன்றுக்கும் எளிதாக இறங்கி ஏறும். இந்த ஏற்ற இறக்கமே இவற்றின் தொழில். டொலுவீன் மூலக்கூறு ஆக்சைடின் பரப்பில் வந்து அமரும்போது, அதை எரிக்கும் ஆக்சிஜன் காற்றிலிருந்து நேரடியாக வருவதில்லை. ஆக்சைடின் படிக அமைப்பிலேயே இருக்கும் ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறது. ஆக்சிஜனை இழந்த இடம் வெற்றிடமாகிறது, உலோகம் ஒரு படி கீழிறங்குகிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த வெற்றிடத்தை நிரப்ப, உலோகம் பழைய நிலைக்கு மீள்கிறது. நெசவில் நாடா போய் வருவதைப் போல இது நொடிதோறும் எண்ணற்ற முறை நடக்கிறது. 1954-இல் மார்ஸ், வான் கிரெவலன் என்ற இரு டச்சு அறிஞர்கள் வனேடியம் ஆக்சைடின் மேல் நறுமண ஐதரோகார்பன்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதை ஆராய்ந்து இந்த விளக்கத்தை அளித்தார்கள். தாமிரமும் மாங்கனீசும் சேரும்போது ஒன்று இழந்த எலக்ட்ரானை மற்றது பெற்று ஒன்றையொன்று மீட்பதால், தனித்தனியே இருப்பதைவிடக் குறைந்த சூட்டில் வேலை செய்கின்றன.

இந்த விளக்கத்திலிருந்து ஒரு முடிவு நேராகக் கிடைக்கிறது. எரிதல் முழுவதும் பரப்பில் நடக்கிறது. ஆகவே பரப்பை எது மூடினாலும், உள்ளிருக்கும் உலோகம் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், பயனில்லை. கப்பலூரில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

பதிவேடு சொன்னது

புகார் ஐப்பசியில் வந்தது. மேற்குப் பக்கத்துக் கூடத்தில் வேலை செய்பவர்கள், மாலை வேளைகளில் கண் கரிக்கிறது என்றார்கள். தின்னர் வாடை என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன். ஐதரோகார்பன்களும் கீட்டோன்களும் அரைகுறையாக எரிந்தால் ஆல்டிஹைடுகளும் கரிம அமிலங்களும் உண்டாகின்றன. கண்ணையும் தொண்டையையும் உறுத்துபவை இவைதாம். புகைபோக்கியில் தின்னர் வாடை வந்தால் கருவி எரிக்கவேயில்லை என்று பொருள். கண் கரித்தால் பாதியில் விட்டுவிடுகிறது என்று பொருள்.

முதலாளியும் கருவி அளித்தவர்களும் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வினையூக்கியின் ஆயுள் முடிந்துவிட்டது, முழு அடுக்கையும் மாற்றிவிட வேண்டும், இந்த முறை பிளாட்டினம் பூசியதாகப் போட்டுவிடலாம் என்பது அந்த முடிவு. கருவி இரண்டாண்டுகூட ஓடியிராத நிலையில் அதை நான் ஏற்கவில்லை.

கருவியை இயக்குபவர் என்னைவிட மூத்தவர். அந்தப் பேட்டையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அவர்தான் முதல் தடயத்தைத் தந்தார். "சார், பேனல்ல எல்லாம் பச்சைதான் எரியுது. ஆனா சிலிண்டர் மட்டும் நிக்க மாட்டேங்குது. முன்னாடி ஒரு ஷிப்டுக்கு ரெண்டு முழுசாத் தீராது. இப்ப நாலு ஆகுது" என்றார். "நோட்டை எடுங்கண்ணே, சேர்ந்து பாப்போம்" என்றேன். அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டில், அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) அளவுகளை அவர் நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. பேனல் நுழையும் காற்றின் வெப்பநிலையை மட்டுமே கண்காணித்தது. அது குறித்த அளவை எட்டினால் பச்சை விளக்கு. வெளியேறும் காற்றின் வெப்பநிலை ஒரு சிறு திரையில் தெரியும். அதைக் கேட்பார் இல்லை.

சித்திரைத் தொடக்கத்தில் நுழைவு 320 டிகிரி, வெளியேற்றம் 380. வைகாசியில் 320, 370. ஆவணியில் நுழைவை 350-க்கு உயர்த்தியிருந்தார்கள், வெளியேற்றம் 391. ஐப்பசியில் 380, 412. பேனலைப் பார்த்தவருக்குக் கருவி மேலும் மேலும் சூடாக இயங்குவதாகத் தோன்றியிருக்கும். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால் வேறு கதை: 60, 50, 41, 32. அடுக்கின் குறுக்கே எழும் இந்த வெப்பநிலை வேறுபாடுதான் வினையூக்கியின் நாடித்துடிப்பு. அடுக்குக்குள் எரியும் கரைப்பானே அந்த வெப்பத்தைத் தருகிறது. டொலுவீன் போன்ற கரைப்பான் கனமீட்டருக்கு 1 கிராம் முழுமையாக எரிந்தால் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி உயரும். 2 கிராமுக்கு 60 என்பது, வந்தது முழுவதும் எரிந்துவிட்டது என்பதற்குச் சான்று. 32 என்பது அவ்வாறல்ல.

இங்கே ஒரு தவறைத் தவிர்க்க வேண்டியிருந்தது. வேறுபாடு குறைந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: வினையூக்கி தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே வரும் கரைப்பானே குறைந்திருக்கலாம். சித்திரையிலிருந்து வைகாசிக்குள் வேறுபாடு பத்து டிகிரி ஒரே வாரத்தில் இறங்கி, பிறகு சில வாரங்கள் அப்படியே நின்றிருந்தது. வினையூக்கி அப்படித் திடீரென்று ஒரு படி இறங்கி நிற்பது அரிது. ப்ளோயரின் வேகத்தை அளந்தபோது, மணிக்கு 3,000 கனமீட்டர் ஓட வேண்டிய இடத்தில் 3,600 ஓடியது. அதே 6 கிலோ கரைப்பான் கூடுதல் காற்றில் நீர்த்துப்போனதால் 60 என்பது 50 ஆகியிருந்தது. ஆகவே முதல் பத்து டிகிரிக்குக் காரணம் நீர்த்தல். 50-இலிருந்து 32-க்கு மெல்லச் சரிந்ததே வினையூக்கியின் தளர்ச்சி. நீர்த்த காற்றைக் கணக்கில் கொண்டால், வந்த கரைப்பானில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் ஐப்பசியில் எரிந்துகொண்டிருந்தது. கூடுதல் காற்று எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, வினையூக்கி ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கும் விடை வைத்திருந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நோட்டில் தெரிந்த மற்றொன்று, தளர்ச்சி தொடங்கியது வைகாசி இறுதியில், புகார் வந்ததோ ஐப்பசியில். இந்த இடைவெளியை விளக்கக் காற்றின் திசை போதும். ஆனியும் ஆடியும் மேற்கிலிருந்து வீசும் காற்று, புகையைக் கிழக்கே ஆளில்லாத காலி மனைகளின் மேல் கொண்டு போனது. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் அதே புகை மேற்குக் கூடத்தின் சன்னல்களுக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் புகார் சொல்லவில்லை என்பதைக் கருவி நன்றாக ஓடுவதற்குச் சான்றாகக் கொள்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுக்கைத் திறந்தபோது

இரண்டு நாள் கருவியை ஆறவிட்டு மேல் மூடியைக் கழற்றினோம். கறுப்பாக இருக்க வேண்டிய மேல்பரப்பு சாம்பல் வெண்மையாக, நீர் வற்றிய கண்மாயில் உப்புப் பூத்த மண்ணைப் போல் இருந்தது. ஒரு குருணையை எடுத்து நகத்தால் கீறினேன். வெண்மை மாவாக உதிரவில்லை. மெல்லிய ஓடாகப் பெயர்ந்தது. இரண்டாக உடைத்துப் பார்த்தபோது உள்ளே பழைய கறுப்பு மாறாமல் இருந்தது. கையை விட்டுத் துழாவி ஒரு சாண் ஆழத்தில் எடுத்தவற்றில் வெண்மை புள்ளி புள்ளியாக மட்டும் தெரிந்தது. அடித்தளத்தில் இருந்தவை புத்தம் புதியவை போலவே இருந்தன. மூன்று ஆழங்களிலிருந்தும், கிடங்கில் மீதமிருந்த பயன்படுத்தாத மூட்டையிலிருந்தும் மாதிரிகள் எடுத்தோம்.

என் முதல் ஊகம் கந்தகம். ரப்பர்க் கூடம் என்றாலே கந்தகம் இருக்கும். ரப்பரை வேகவைப்பதே கந்தகத்தால்தான். கந்தக டை ஆக்சைடு இந்தச் சூட்டில் தாமிர, மாங்கனீசு ஆக்சைடுகளோடு சேர்ந்து சல்பேட்டுகளாகிறது. சல்பேட்டாகிவிட்ட உலோகம் ஆக்சிஜனைக் கொடுத்து வாங்கும் வேலையைச் செய்யாது. அவற்றைப் பிரித்தெடுக்கத் தேவையான சூடு இந்தக் கருவிக்கு எட்டாதது. விலை குறைந்த உலோக ஆக்சைடுகளின் பெரிய பலவீனம் இதுவே. பிளாட்டினம் கந்தகத்தை இவற்றைவிட நன்றாகத் தாங்கும். பிளாட்டினத்துக்கு மாறலாம் என்ற யோசனையும் இந்த அடிப்படையில் வந்ததுதான். ஆனால் குருணைகளை வெந்நீரில் ஊறவைத்து வடித்து பேரியம் குளோரைடு சேர்த்தபோது, எதிர்பார்த்த வெண்ணிற வீழ்படிவு திரளவில்லை. மேல் அடுக்கு மாதிரியில்கூட இலேசான கலங்கல் மட்டுமே தோன்றியது. கந்தகம் இருந்தது. குற்றம் முழுவதையும் அதன் தலையில் சுமத்தும் அளவுக்கு இல்லை.

அடுத்த ஐயம் அலுமினாத் தூள். குருணைகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்த தூள் மேலே படிந்திருந்தால் அதுவும் வெண்மையாகத்தான் இருக்கும். வெள்ளை ஓட்டைச் சுரண்டிச் சேர்த்து, அடர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் நெடுநேரம் காய்ச்சினோம். பெரும்பகுதி கரையாமல் நின்றது. இது மட்டும் போதாது, ஏனெனில் மிகுந்த சூட்டில் சுட்ட அலுமினாவும் அமிலத்தில் எளிதில் கரையாது. எனவே மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், கரையாமல் நின்றதை சோடியம் கார்பனேட்டோடு நிக்கல் மூசையில் உருக்கி, நீரில் கரைத்து, அமிலமாக்கி, அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்தோம். கண்ணாடியிலிருந்து சிலிக்கா (சிலிக்கன் ஆக்சைடு, மணலில் உள்ள பொருள்) கரைந்து வந்து ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக அனைத்தையும் பிளாஸ்டிக் குவளைகளில் செய்தோம். கரைசல் எலுமிச்சை மஞ்சளாக மாறியது. பாஸ்பேட்டும் இதே மஞ்சளைத் தரும் என்பதால் ஆக்சாலிக் அமிலம் சேர்த்துப் பார்த்தோம்; பாஸ்பேட்டாக இருந்திருந்தால் நிறம் அழிந்திருக்கும். மஞ்சள் நீங்கவில்லை. புதிய மூட்டைக் குருணையின் பரப்பைச் சுரண்டி இதே முறையில் செய்தபோது நிறம் கண்ணுக்குப் புலப்படவில்லை. வெள்ளைத் தோல் சிலிக்கா.

தோல் மூடியதுதான் திறன் குறையக் காரணமா என்பதைத் தனியாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு சிறு குழாய் உலையில் டொலுவீன் கலந்த காற்றைச் செலுத்தி, பாதி டொலுவீன் எரியும் வெப்பநிலையைப் பார்த்தோம். அடித்தளக் குருணைகளுக்கு அது 240 டிகிரிக்கு அருகில். மேல் அடுக்குக் குருணைகளுக்கு 350-க்கு மேல். பிறகு இரண்டையும் ஒரே அளவு பொடியாக இடித்துச் சலித்து மீண்டும் சோதித்தோம். இடித்தபின் மேல் அடுக்கின் அளவு அடித்தளத்தின் அளவை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. நஞ்சு உலோகத்தோடு வேதியியலாகக் கலந்திருந்தால் இடிப்பதால் எந்தப் பயனும் இருந்திருக்காது. ஓட்டை உடைத்ததும் உள்ளே உறங்கிக் கிடந்த ஆக்சைடு காற்றைச் சந்தித்து வேலை செய்தது. இந்த ஆய்வில் எனக்கு முழு நிறைவைத் தந்த சோதனை இதுதான். கருவிகள் எவையும் இல்லாத ஆய்வகத்திலும் ஓர் உரலும் சல்லடையும் உலையும் இருந்தால் இதைச் செய்யலாம்.

சிலிக்கா எப்படி வந்தது

கப்பலூரில் தூசி உண்டு. ஆனால் தூசி மாவாகப் படியும், ஓடாகப் படியாது. ஓடாகப் படிய வேண்டுமானால் சிலிக்கன் ஆவியாகவோ மிக நுண்ணிய திவலையாகவோ வந்து, பரப்பிலேயே எரிந்து சிலிக்காவாக மாறியிருக்க வேண்டும். அப்படி வரக்கூடியது சிலிக்கன் அணுக்களைக் கொண்ட செயற்கை எண்ணெய் வகையான சிலிகோன் ஒன்றே. பசையின் பொருள் விவரத் தாளில் சிலிகோன் இல்லை. காய்ச்சல் அறைக்கு வெளியே வந்து, கருவிக்குச் செல்லும் டக்டை (காற்றைக் கொண்டு செல்லும் தகட்டுக் குழாயை) அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். சுவரைத் துளைத்து வந்த மற்றொரு டக்ட், புதிய தகட்டின் பளபளப்போடு, அதில் வந்து சேர்ந்தது. அது பிரஸ் கூடத்தின் ஹூடிலிருந்து, அதாவது பிரஸ்களுக்கு மேலே புகையை இழுக்கும் கவிகையிலிருந்து வந்தது.

கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, பிரஸ்களைத் திறக்கும்போதெல்லாம் எழும் ரப்பர்ப் புகையில் தொழிலாளர்கள் மூச்சுத் திணறியிருக்கிறார்கள். எரிக்கும் கருவி ஒன்று பக்கத்திலேயே இருக்க, அந்தப் புகையையும் அதற்குள் அனுப்பினால் என்ன என்று கூடத்தின் மேற்பார்வையாளர் டக்டை இணைத்திருக்கிறார். தொழிலாளர்மேல் அக்கறை கொண்டு செய்த செயல் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேகவைத்த ரப்பர் அச்சில் ஒட்டாமல் பெயர்வதற்காக, ஒவ்வொரு முறை அச்சைத் திறக்கும்போதும் ரிலீஸ் ஸ்பிரே அடிக்கப்படுகிறது. அது சிலிகோன் எண்ணெய். 150 டிகிரிக்கு மேல் சூடான அச்சில் விழும் அந்தத் தூறலில் ஒரு பங்கு காற்றிலேயே மிதந்து ஹூடுக்குள் ஏறுகிறது. எண்ணெயில் சிறு அளவில் கலந்திருக்கும் வளைய வடிவ மூலக்கூறுகள் ஆவியாகவும் செய்கின்றன. நான்கு சிலிக்கன் அணுக்கள் கொண்ட வளையம் 175 டிகிரியிலேயே கொதிப்பது. இவை அனைத்தும் வினையூக்கியின் மேல் எரிந்து, கார்பனும் ஐதரசனும் வாயுவாகப் போக, சிலிக்கன் மட்டும் சிலிக்காவாக அங்கேயே தங்கிவிடுகிறது. வினையூக்கி தன் வேலையைச் செவ்வனே செய்வதாலேயே தன்னை மூடிக்கொள்கிறது. காற்று மேலிருந்து இறங்குவதால் மேல் அடுக்கு முதலில் மூடப்பட்டது.

கூடுதல் 600 கனமீட்டர் காற்றும் இந்த டக்டின் வழியாகத்தான் வந்தது. மணிக்கு அடுக்கின் கன அளவைப் போல் 10,000 மடங்கு என்று கணக்கிடப்பட்ட ஓட்டம் 12,000 மடங்காகி, குருணைகளோடு காற்று இருக்கும் நேரமும் குறைந்துபோயிருந்தது. நுழைவு வெப்பநிலையை உயர்த்தியது இந்தக் குறைகளை மறைத்ததேயன்றி எதையும் தீர்க்கவில்லை. கூடுதல் காற்றைக் கூடுதல் சூட்டுக்குக் கொண்டுவர பர்னர் இரட்டிப்புக்கு மேல் எரிய வேண்டியிருந்தது; நான்கு சிலிண்டர்களின் கணக்கு அதுதான்.

பிளாட்டினத்துக்கு மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கந்தகத்தில் பிளாட்டினத்துக்கு உள்ள மேன்மை சிலிகோனில் இல்லை. சிலிக்கா ஓடு எந்த உலோகத்தையும் ஒரேபோல் மூடும். சில மாதங்களில் அதே வெள்ளைத் தோல், பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய குருணைகளின் மேல் படிந்திருக்கும். மோட்டார் வாகன வினையூக்கிகளின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. யூஜின் ஹூட்ரி 1950-களில் உருவாக்கிய வாகனப் புகை வினையூக்கி, பெட்ரோலில் கலந்திருந்த காரீயத்தால் நஞ்சூட்டப்பட்டு நடைமுறைக்கு வர இயலாமல் போனது. காரீயம் பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்ட பிறகே அது சாலைக்கு வந்தது. இந்தியாவிலும் 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு வினையூக்கி கட்டாயமானபோது, அந்நகரங்களில் காரீயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது. நாடு முழுவதும் 2000-இல் அது பரவியது. வினையூக்கியை மாற்றுவதற்கு முன், அதற்குள் என்ன வருகிறது என்று பார்ப்பதே முறை.

செய்தவை

பிரஸ் கூடத்து டக்டை அன்றே துண்டித்து, துளையைத் தகடு வைத்து அடைத்தோம். அடுக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டு, அதன் அளவுக்குப் புதிய குருணைகள் சேர்த்தோம். மீதியைச் சலித்துத் தூசி நீக்கி மீண்டும் பயன்படுத்தினோம். அனைத்துக்கும் மேலே நான்கு விரல் உயரத்துக்கு வெறும் அலுமினாக் குருணைகளைப் பரப்பினோம். இனி எதிர்பாராமல் ஏதேனும் வந்தாலும் முதலில் அவை மூடப்படும், அவற்றை மாற்றுவது மலிவு. வெள்ளைத் தோலைச் சூடான காரக் கரைசலில் கழுவி நீக்கலாமே என்று முதலாளி கேட்டார். சிலிக்காவைக் கரைக்கும் காரம் அடியிலிருக்கும் அலுமினாவையும் அரிக்கும். தோலோடு உடம்பும் போய்விடும் என்பதால் அதைத் தவிர்த்தோம்.

காற்றோட்டம் 3,000-க்குத் திரும்பியது. நுழைவை 320-இல் வைத்து ஒரு வாரம் ஓடியபின், வெளியேற்றம் 379. வேறுபாடு 59. ஷிப்டுக்கு இரண்டாவது சிலிண்டர் மறுபடியும் தீராமல் மிஞ்சியது. மேற்குக் கூடத்தார் கண் கரிப்பு நின்றுவிட்டது என்றார்கள். வாடைக்காற்று அப்போதும் அவர்கள் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது என்பதால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. மேல்வரம்பு, கீழ்வரம்பு இரண்டும் கொண்ட எச்சரிக்கை ஒன்றை வெப்பநிலை வேறுபாட்டுக்கே பொருத்தச் சொன்னேன். கீழே இறங்கினால் வினையூக்கி தளர்கிறது அல்லது காற்று நீர்க்கிறது என்று பொருள். மேலே ஏறினால் கரைப்பான் அளவு மீறுகிறது என்று பொருள்; காற்றில் அதன் செறிவு வெடிக்கத் தொடங்கும் எல்லையின் கால் பங்கைத் தாண்டவே கூடாது என்பதால் அதுவும் தெரிந்தாக வேண்டும்.

இந்த நிகழ்வில் இன்னும் முடியாத பகுதி பிரஸ் கூடத்துத் தொழிலாளர்களின் மூச்சு. டக்டைத் துண்டித்த அன்று அவர்களுக்குப் பழைய புகை திரும்ப வந்தது. ஒரு கூடத்தாரின் கண்ணுக்காக மற்றொரு கூடத்தாரின் நெஞ்சை அடமானம் வைக்க முடியாது என்று முதலாளியிடம் வெளிப்படையாகச் சொன்னேன். தனி ஹூடும், திவலையைப் பிடிக்கும் வடிகட்டியும், தனிப் புகைபோக்கியும் அமைக்க அவர் ஒப்புக்கொண்டு வேலை நடக்கிறது. அதுவரை பிரஸ்களுக்கு எதிரே இரண்டு பெரிய விசிறிகள் வைக்கப்பட்டுள்ளன. ஸ்பிரேயையும் மாற்றிப் பார்க்கிறார்கள். நீரில் கரைத்தது என்று விற்கப்படும் கலவைகளிலும் சிலிகோன் எண்ணெய் குழம்பாக இருக்கலாம் என்பதால், விவரத் தாளைப் படிக்காமல் வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆழமில்லாத சில அச்சுகளில் பழைய முறைப்படி சோப்புக் கரைசலே போதுமானதாக இருக்கிறது. நுண்ணிய வேலைப்பாடுள்ள அச்சுகளில் ரப்பர் இன்னும் ஒட்டுகிறது.

கருவியை இயக்கும் பெரியவர் புது நோட்டு ஒன்று வாங்கி, நுழைவு, வெளியேற்றம் என்ற இரண்டு பத்திகளுக்கு அடுத்து அளவுகோல் வைத்து மூன்றாவது பத்தி ஒன்றைக் கோடிட்டிருக்கிறார். அதன் தலைப்பில் 'வித்தியாசம்' என்று எழுதி, முதல் வரியில் 59 என்று குறித்திருக்கிறார்.